வந்து வந்து மறையும் காற்று வெப்பநிலை சென்சார் பழுது: தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0113 என்று ஒரு பழுதுக் குறியீடு, அதாவது கோடு. அழித்துவிட்டு ஓட்டினால் நான்கு நாள் ஒன்றுமில்லை, ஐந்தாம் நாள் மறுபடி விளக்கு. ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடுகிறது. இன்ஜின் உள்ளிழுக்கும் (இன்டேக்) காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரில் விட்டு விட்டு வரும் பழுது பெரும்பாலும் இப்படித்தான் ஆட்டம் காட்டும். முழுசாகச் செத்துப்போன சென்சாரைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். வந்து போகிற பழுதுதான் ஆளை அலைய வைக்கும். அந்த அலைச்சலில் பாதி, நம் அவசரத்தால் வருவது.

முதல் அவசரம், கோடை அழிப்பது. கோடு பதிவாகும் நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்பதை ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடவே எழுதி வைத்துக்கொள்கிறது. வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, இன்ஜின் மீதான சுமை எல்லாம் அதில் இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது இதுதான். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நாம் பார்க்கும்போது வராத பழுதுக்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அது. அழிப்பதற்கு முன் ஒரு ஃபோட்டோவாவது எடுத்து வையுங்கள். விளக்கு எரியாவிட்டாலும் பென்டிங் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு முற்றாத பழுது அங்கே தலைகாட்டும்.

அடுத்தது, கோடின் கடைசி எண்ணைக் கவனிக்காமல் "டெம்பரேச்சர் சென்சார் கோடு" என்று மொத்தமாகப் படிப்பது. ஈசியு இந்த சென்சாருக்கு 5 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்புகிறது. சென்சார் ஒரு தெர்மிஸ்டர், அதாவது சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வந்துவிடும். வயர் அறுந்தாலோ கனெக்டரின் பின் தொடாமல் போனாலோ அந்த 5 வோல்ட் இறங்க வழியில்லை. ஈசியு அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு -40 டிகிரி காட்டும் (செல்சியஸானாலும் ஃபாரன்ஹீட்டானாலும் இந்த ஒரு இடத்தில் எண் ஒன்றுதான்). பி0113 இதைத்தான் சொல்கிறது. சிக்னல் வயர் உரசி கிரவுண்டைத் தொட்டால் வோல்டேஜ் சுழியத்துக்கு விழும், வெப்பநிலை நம்ப முடியாத உயரத்துக்குப் போகும். அது பி0112. பி0114 வந்தால் ஈசியுவே "விட்டு விட்டு வருகிறது" என்று ஒப்புக்கொள்கிறது. பி0111 வேறு ஜாதி: சர்க்யூட் அறுபடவில்லை, ஆனால் வரும் எண் நம்பும்படி இல்லை. அறுந்த வயரைத் தேட வேண்டிய இடத்தில் ஷார்ட்டைத் தேடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் வீண்.

மூன்றாவது தவறைச் செய்யாதவர்கள் குறைவு, நானும் செய்திருக்கிறேன். கோடு பெயரில் சென்சார் என்று இருக்கிறது, ஆகவே சென்சாரை மாற்று! புதிதைப் போட்டதும் பழுது போய்விடும், அதுதான் இதில் உள்ள ஏமாற்று. பழையதைக் கழற்றும்போது கனெக்டரை இழுத்தோம், வயரை வளைத்தோம், பின்னைத் திரும்ப அழுத்தினோம். பின்னின் மேலிருந்த துரு சுரண்டப்பட்டுக் கொஞ்ச நாளைக்கு நன்றாகத் தொடும். மூன்று வாரம் கழித்து விளக்கு எரியும்போது, "புது சென்சாரும் டூப்ளிகேட்" என்று இன்னொன்று வாங்குவோம். உள்ளே அசையும் பாகம் ஒன்றும் இல்லாத, பாசிமணி அளவுச் சின்னப் பொருள் அது. தெர்மிஸ்டரே விட்டு விட்டுப் பழுதாவதும் நடக்கும், சூடானால் மட்டும் உள்ளே இணைப்பு விடுவது உண்டு. ஆனால் என் பந்தயம் எப்போதும் முதலில் கனெக்டர் மேல், பிறகு வயர் மேல், கடைசியில்தான் சென்சார் மேல். கோடு வருவதற்குச் சில நாள் முன்பு யாராவது ஏர் ஃபில்டர் மாற்றினார்களா என்று கேளுங்கள். லாக் விழாமல் அப்படியே சொருகி வைத்த கனெக்டர் நிறையப் பார்த்தாயிற்று.

சரி, மல்டிமீட்டரை எடுத்தாயிற்று. இங்கே இரண்டு தப்பு காத்திருக்கிறது. ஒன்று, நிற்கிற வண்டியில், ஆறிய சென்சாரில் ஓம் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வது. பழுது இல்லாத நேரத்தில் அளந்தால் நல்ல அளவுதான் வரும். இன்னொன்று, மீட்டரின் தடித்த முனையைக் கனெக்டரின் பெண் பின்னுக்குள் திணிப்பது. அந்தச் சின்னப் பித்தளை நாக்கு ஒரு முறை விரிந்தால் பிறகு இறுகாது. இல்லாத பழுதை நாமே உண்டாக்கிய கதையாகிவிடும். கனெக்டரைக் கழற்றாமல் பின்பக்கமாக மெல்லிய ஊசியால் தொட்டு வோல்டேஜ் பாருங்கள். பின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க, அதே அளவுள்ள ஓர் ஆண் பின்னைச் செருகி இழுங்கள். லேசான பிடி தெரிய வேண்டும், வழுக்கிக்கொண்டு வரக்கூடாது.

வயரை ஆட்டிப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. ஒரு காரில் கோடு எப்போதாவதுதான் வந்தது. ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள். ஓட்டுபவரிடம் கேட்டபோது, வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் என்றார். ஸ்கேனரில் காற்று வெப்பநிலையைக் கிராஃபாகப் போட்டுவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு ரிவர்ஸ் கியரில் கிளட்சைக் கொஞ்சம் விட்டதும் இன்ஜின் மவுன்டில் சாய்ந்தது. 34 டிகிரியில் நின்ற கிராஃப் செங்குத்தாக -40க்கு விழுந்து, அப்படியே ஏறிவிட்டது. கனெக்டரிலிருந்து இரண்டு அங்குலத்தில் யாரோ வயரை டை போட்டு இறுக்கக் கட்டியிருந்தார்கள். மேலே இன்சுலேஷனில் கீறல்கூட இல்லை. ஆனால் விரல்களுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுத்தபோது ஓரிடம் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு ஒல்லியானது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. முழு ஹார்னஸையும் (வயர் கட்டையும்) ஒரே பிடியாகப் பிடித்து உலுக்கியிருந்தால் எந்த இடம் என்று தெரிந்திருக்காது. ஒரு சாண், ஒரு சாணாகத்தான் நகர வேண்டும்.

கிராஃபில் ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே பழுது இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறைய ஸ்கேனர்கள், ஒரே சமயத்தில் இருபது அளவுகளைக் கேட்டால் ஆமை வேகத்தில்தான் புதுப்பிக்கும். இந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள், அல்லது மீட்டரில் மிகக் குறைந்த, மிக அதிக அளவைப் பதிந்து வைக்கும் மின்-மேக்ஸ் வசதி இருந்தால் அதைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். இன்னொரு சங்கதி: பழுது பதிவானதும் சில ஈசியுக்கள் உண்மை அளவை விட்டுவிட்டு ஒரு மாற்று எண்ணைக் காட்டத் தொடங்கும். வெப்பநிலை அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகப்பட்டு, வோல்டேஜைப் பாருங்கள்.

நல்ல சென்சாரைக் குற்றவாளியாக்குவதும் நடக்கிறது. சூடான இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் இன்டேக் காற்று 60, 70 டிகிரி காட்டலாம். பானெட்டுக்குள் தேங்கிய சூடு அது, வண்டி நகர்ந்ததும் இறங்கிவிடும். சென்சார் உண்மை பேசுகிறதா என்று பார்க்க நல்ல நேரம் காலை. இரவு முழுக்க நின்ற வண்டியில் இக்னிஷனை மட்டும் போட்டு, காற்று வெப்பநிலையையும் கூலன்ட் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் வெளிக்காற்றோடு ஒத்துப்போக வேண்டும். குளிர்ந்தபோது சரியாகவும் சூடானபின் குறைவாகவும் காட்டினால் பின்னில் துரு இருக்கக்கூடும். துருவால் கூடும் 100 ஓம், இரண்டரை கிலோ ஓமில் ஒரு டிகிரி அளவுக்குத்தான் தெரியும். 300 ஓமில் அதுவே பத்து டிகிரி வரை இழுத்துவிடும்.

கனெக்டரைக் கழற்றி இரண்டு பின்னையும் வயரால் இணைத்து, அளவு -40லிருந்து உச்சத்துக்குத் தாவுகிறதா என்று பார்ப்பது வயரையும் ஈசியுவையும் சோதிக்க நல்ல வழி. ஆனால் இரண்டு வயர் சென்சாரில் மட்டும். பல வண்டிகளில் இது தனியாக இருக்காது. காற்றோட்டத்தை அளக்கும் மாஃப் சென்சாருக்குள்ளோ, இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு சேர்ந்தோ நான்கைந்து வயருடன் இருக்கும். அங்கே வயரிங் படம் பார்க்காமல் ஷார்ட் செய்தால் சப்ளை வயரைக் கிரவுண்டில் போட்டுவிடுவோம். மாஃப்பைச் சுத்தம் செய்ய அதற்கென உள்ள ஸ்ப்ரே மட்டும்தான், கார்புரேட்டர் கிளீனரைக் காட்டவே கூடாது. கூலன்ட், த்ராட்டில் சென்சார்களும் அதே சமயம் குதித்தால், அவை பொதுவாகப் பகிரும் கிரவுண்ட் வயரை முதலில் பாருங்கள்.

இடம் தெரிந்தபின் முறுக்கி டேப் சுற்றினால் சில மாதத்தில் அதே கோடு வரும். சால்டர் வைத்தால் அதை ஒட்டிய இடம் விறைத்துப்போய், அதிர்வில் அங்கேயே அறுபடும் அபாயமும் உண்டு. வயர் முனைகளை நசுக்கி இணைக்கும் சரியான கிரிம்ப், மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் குழாய்), வயர் அசையக் கொஞ்சம் தளர்வு, இவ்வளவு போதும். அப்புறம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருந்த அதே சூடு, அதே வேகத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், அந்தக் கிராஃபைத் திரும்ப ஒரு முறை ஓட விடுங்கள். கோடை அழிக்க வேண்டிய நேரம் அதற்குப் பிறகுதான்.