ஒட்டுப் போர்வைக் குழு தொடங்கப் போகிறீர்களா? இந்தப் பிழைகளை விடாதீர்கள்

பத்துப் பெண்கள் கூடி, துண்டுத் துணிகளை இணைத்து ஒட்டுப் போர்வை தைப்போம் என்று முடிவெடுத்தவுடன் விடுகிற முதல் பிழை, கொப்பி வாங்குவது. வரவுக்கு ஒரு கொப்பி, கூட்டக் குறிப்புக்கு ஒரு கொப்பி, பிறகு தலைவி, செயலாளர், பொருளாளர் தெரிவு, அப்புறம் ஏதாவது நிறுவனத்துக்கு ஒரு விண்ணப்பக் கடிதம். யாரையும் குறை சொல்ல முடியாது. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் நாங்கள் கண்ட குழுக்கள் பல இப்படித்தான் வந்தன: பயனாளிப் பட்டியல், பயிற்சி, மெசின் வழங்கல், படம் எடுத்தல். அந்த மெசின்களில் எத்தனை இப்போது மூலையில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள். வாழ்வாதாரத் திட்டம் கூடாது என்று சொல்லவில்லை, அதற்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. இது வேறு. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் பாயைப் போட்டு இருந்து கதைக்கவும் சிரிக்கவும் ஒரு சாட்டு, கடைசியில் கட்டிலில் விரிக்க ஒரு போர்வை. அவ்வளவுதான் இதில் இருக்கிற இலாபம், அது போதாது என்று நினைப்பவர்களை வலிந்து சேர்க்கவும் வேண்டாம்.

அடுத்தது, முதல் போர்வையே இரட்டைக் கட்டில் அளவில் தொடங்குவது. பாதியில் மழை தொடங்கிவிடும், துண்டுகள் உரப்பையில் ஏறிவிடும், அடுத்த வருஷம் எலிதான் அதை விரித்துப் படுக்கும். 36 அங்குலச் சதுரத்தில் குழந்தைப் போர்வை ஒன்றுடன் தொடங்குங்கள். ஒன்பது கட்டங்கள் போதும், ஆளுக்கு ஒன்று தைத்தால் முடிந்தது, ஊரில் யாராவது ஒரு பிள்ளைத்தாய்ச்சி எப்போதும் இருப்பாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலரை அங்குலச் சதுரத் துண்டுகள் ஒன்பது. தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் போக ஒவ்வொன்றும் நாலு அங்குலமாக நிற்கும், கட்டம் 12 அங்குலம் வரும். கை பழகிய பிறகு இதே கட்டத்தில் 35 செய்து, அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு என்று வைத்தால் 60க்கு 84 அங்குலத்தில் ஒருவர் தாராளமாகப் போர்த்துப் படுக்கக்கூடிய போர்வை வந்துவிடும்.

கேட்க லேசாக இருக்கிறது அல்லவா? குழுவாகத் தைக்கும்போது அதிகமாகச் சண்டை வருவது இந்தக் கால் அங்குலத்தில்தான். தனியாகத் தைப்பவர் எவ்வளவு விட்டாலும் ஒரே மாதிரி விட்டால் போர்வை பொருந்திவிடும், ஆனால் பத்து வீட்டில் பத்து மெசினில் தைத்த கட்டங்களைச் சேர்க்கும்போது அப்படி இல்லை. ஒருவர் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல்கனம், சரியாகச் சொன்னால் பதினாறில் ஒரு அங்குலம், கூடப் பிடித்துத் தைத்தாலே சுற்றி விட்ட தையல் ஓரத்தோடு பன்னிரண்டரை வரவேண்டிய கட்டம் பன்னிரண்டேகாலாக வந்து நிற்கும். அதை இழுத்துப் பொருத்தினால் பக்கத்துக் கட்டம் சுருங்கும், பிறகு “ஆற்ற கட்டம் பிழை?” என்ற கதை. ஆகவே தொடங்க முன்னமே எல்லோரும் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று நாடாத் துண்டுகளை வெட்டி அடுத்தடுத்துத் தைத்து மினுக்கிவிட்டு, நடுத்துண்டை அளந்தால் சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெசின் ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தட்டில் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டிவிட்டு, துணியின் ஓரம் அதைத் தொட்டுக்கொண்டு போகும்படி தைக்க வேண்டியதுதான்.

வெட்டுகிற அளவும் அப்படித்தான். காட்போட்டில் ஒரு சதுரம் வெட்டி, அதைப் பார்த்து இன்னொருவர் வெட்டி, அதைப் பார்த்து மூன்றாவது ஆள் வெட்டினால் ஒவ்வொரு முறையும் கோட்டின் தடிப்பளவு சதுரம் வளர்ந்துகொண்டே போகும், காட்போட்டின் மூலைகளும் தேய்ந்துவிடும். வீட்டில் பழைய எக்ஸ்ரே படம் கிடந்தால் அதில் ஒரே ஆள் எல்லோருக்கும் அச்சு வெட்டிக் கொடுக்கட்டும். அம்மம்மாவின் முழங்கால் எலும்புக்கு அதைவிட நல்ல பயன் கிடைக்காது.

துணி விஷயத்தில் ஆசைதான் எதிரி. ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையாக வாங்கினால், அதில் பெரும்பாலும் ரீசேட் துணி, இழுபடும், பருத்தித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் அலை அலையாகக் கிடக்கும். பொலியெஸ்டர் சேலைத் துண்டு சூட்டில் சுருண்டு அயன்பெட்டியில் ஒட்டும். பழைய சாரம், சீத்தை, வீட்டில் போடும் சோட்டி, பள்ளிச் சீருடையில் மிஞ்சிய வெள்ளை, இவை போதும், ஆனால் புதுத்துணி எதையும் தண்ணீர் காட்டாமல் வெட்ட வேண்டாம். பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும், சிவப்பும் கடும் நீலமும் சாயம் விடும். ஈர வெள்ளைத் துணியால் ஒருதரம் அழுத்தித் துடைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர் நடுவில் வைக்கிற தடித்த பஞ்சுப் படையைப் பார்த்துவிட்டுக் கொழும்பிலிருந்து அதை எடுப்பிக்கவும் வேண்டாம். பனி கொட்டுகிற நாட்டுக்கு அது சரி. வன்னியில் மார்கழி, தைக் குளிருக்குப் பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு தாராளம், வங்காளத்துப் பெண்கள் காந்தா போர்வையைப் பழைய சேலைகளை அடுக்கி நூலோட்டித்தான் செய்து வந்தார்கள். தடித்த படைக்குள் கை ஊசி ஏறாது, கார்த்திகை மழையில் தோய்த்தால் காயவும் காயாது. அடித்துணியை மட்டும் ஒவ்வொரு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வெட்டி, மேல், நடு, அடி என்று மூன்று படையையும் நீள நூலோட்டத்தால் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளியே தையுங்கள். நாலு பேர் நாலு மூலையிலிருந்து உள்ளே தைத்து வந்தால் நடுவில் துணி பொம்மிக்கொண்டு நிற்கும், பிறகு பிரிக்கத்தான் வேண்டும்.

பிரிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. இன்னொருவர் தைத்ததை அவருக்குச் சொல்லாமல் பிரித்துத் திருப்பித் தைப்பது, குழுவை உடைக்க இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு குழுவிலும் நன்றாகத் தைக்கத் தெரிந்த ஒரு அக்கா இருப்பா, அவவுக்குக் கோணல் தையலைப் பார்த்தால் நித்திரை வராது, நல்ல எண்ணத்தில்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரவோடு இரவாகத் திருத்திக் கொண்டு வருவா. தைத்தவர் வந்து தன் கட்டத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த கிழமை வரமாட்டார். கேட்டால், “எல்லாத்தையும் அவவே தைக்கட்டும்.” கட்டம் அளவுக்குப் பொருந்தினால் தையல் கோணலாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பொருந்தாவிட்டால், “அன்ரி, இதை ஒருக்கா ரெண்டு பேருமாப் பாப்பமோ?” என்று பக்கத்தில் இருந்து சேர்ந்து பிரிக்கலாம். கண் தெரியாத அம்மம்மாருக்கு ஊசியில் நூல் கோப்பதுதான் பெரிய பாடு, தையல் அல்ல. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கொண்டு ஒரே நூல்கட்டையில் பத்துப் பன்னிரண்டு ஊசிகளைக் கோத்து வைத்துவிட்டால், அவர்கள் ஒவ்வொன்றாக இழுத்து நறுக்கித் தைத்துக்கொண்டு இருப்பார்கள்.

சிற்றுண்டி! இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு வீடு என்று வைத்தால் முதல் வீட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும், அடுத்த வீட்டில் வடை, மூன்றாம் வீட்டில் ரோல்ஸும் கேக்கும். நாலாவது வீட்டுக்காரிக்கு அந்தக் கிழமை காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சலா கடனா என்று கேட்கவும் முடியாது. பிளேன்ரீயும் ஒரு பிஸ்கட்டும் மட்டும் என்று முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள், அல்லது பொதுநோக்கு மண்டபம், முன்பள்ளி போன்ற இடத்தில் கூடுங்கள். கோயில் மண்டபத்தில் வைத்தால் வேதக்காரர் தயங்குவார்கள், சேர்ச்சில் வைத்தால் மற்றவர்கள் தயங்குவார்கள், யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள்.

நாளும் அப்படித்தான், வயலைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். காலபோக அரிவு வெட்டு நேரத்திலும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையிலும், ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கு ஊரே பஸ் ஏறும்போதும் கூட்டம் வைத்துவிட்டு ஆட்கள் வரவில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை.

இங்கே இன்னொன்றும் நடக்கும். யாராவது ஒருவர் ஒருநாள் ஒரு சேட்டுடன் வருவார், இறந்துபோன மகனுடையதாக இருக்கலாம், காணாமல் போனவருடையதாக இருக்கலாம். அந்த நேரத்தில் விடுகிற பிழைகள் மூன்று: யாருடையது, எப்போது நடந்தது என்று தோண்டுவது, பழக்கத்தில் தூக்கித் தோய்க்கப் போடுவது, அவர் கை வைக்க முன் கத்தரிக்கோலை எடுப்பது. எந்த இடத்தை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று அவரே சொல்லட்டும், பொக்கற்றையும் கொலரையும் முழுதாக வைத்திருக்க விரும்புவார்கள், பின்பக்கத் துணியே ஒரு கட்டத்துக்குக் கண்டு காணும். பெயர் எழுதித் தைக்க வேண்டுமா என்பதும் அவர் விருப்பம். 1987இல் வோஷிங்டனில் எயிட்ஸால் இறந்தவர்களுக்காக விரித்த போர்வையில் மூன்றடிக்கு ஆறடியில் ஆளுக்கொரு துணி, அதில் பெயர். அது ஊருக்குக் காட்டத் தைத்தது. இங்கே சிலர் தங்கள் கட்டிலுக்கு மட்டும் தைப்பார்கள், முகநூலில் படம் போட முன் கேளுங்கள்.

முடிந்த போர்வை யாருக்கு என்பதைத் தைக்க முன்னமே தீர்த்துவிட வேண்டும். சீட்டுப் பிடிக்கிற ஊரில் இதை விளக்கத் தேவையில்லை: பெயர் எழுதிக் குலுக்கி வரிசையைப் போட்டுவிட்டு, சாமத்திய வீடு, கலியாணம், பிள்ளைப்பேறு வந்தால் வரிசையை மாற்றலாம் என்றும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, கனடா மச்சாள். படத்தைப் பார்த்துவிட்டு “எனக்கும் ஒண்டு, என்ர சிநேகிதிமாருக்கு நாலு” என்பா, குழு உடனே தொழிற்சாலை ஆகிவிடும். அமெரிக்காவில் அலபாமாவின் ஏழைக் கறுப்பினப் பெண்கள் 1966இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்று கூட்டுறவு வைத்துப் போர்வை விற்றார்கள், பிறகு சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோர்டுரோய் தலையணை உறைகள் தைத்துக் கொடுக்கும் வேலையும் வந்தது. நல்ல வருமானம்தான், ஆனால் அது ஒரே மாதிரித் தைக்க வேண்டிய வேலை, அதைத் தெரிந்துதான் அவர்கள் செய்தார்கள். விருப்பமானவர்கள் மட்டும் ஓடருக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள், விலையில் நூல், துணி, தபால் மட்டுமல்ல, தைத்த மணித்தியாலத்தையும் சேருங்கள். மச்சாளிடம் விலை சொல்லக் கூச்சமாக இருந்தால் குழுவில் வாய்க்காரியான ஒருவரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள்.