காப்புரிமைக் கட்டு இல்லாத கடுகு: கொழும்பில் வளர்த்து விதை எடுக்கும் முறை

கனடாவில் இன்று விளையும் எண்ணெய்வித்துப் பயிரான கனோலாவின் பெரும்பகுதி, களைநாசினியைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட விதைகளிலிருந்தே வருகிறது. மரபணு மாற்றப்பட்ட காப்புரிமை விதையை வாங்கும் விவசாயி, விளைச்சலில் ஒரு பகுதியை எடுத்து அடுத்த போகத்துக்கு விதைக்க மாட்டேன் என்று ஒப்பமிட வேண்டும். சஸ்காச்சுவான் மாகாண விவசாயியான பேர்சி ஷ்மைசர், 1997 இல் ரவுண்டப் என்ற களைநாசினியைத் தெளித்த பின்பும் சாகாமல் நின்ற செடிகளின் விதையை எடுத்து வைத்து 1998 இல் விதைத்தார். உரிமம் இல்லாமல் விதைத்ததாக மொன்சாண்டோ நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. 2004 மே மாதத்தில் கனடா உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் நிறுவனத்தின் காப்புரிமையை உறுதிசெய்தது; ஆயினும் அந்த மரபணுவால் அவர் மேலதிக இலாபம் எதையும் அடையவில்லை என்பதால், பணம் செலுத்தத் தேவையில்லை என்றும் கூறியது. விதையை எடுத்து வைப்பதற்கு உரிமம் கேட்கும் நிலை நம் வீடுகளுக்கு வரக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்கான வழி, எடுத்து வைக்கக்கூடிய விதையைத் தேர்ந்து, அதை எடுத்து வைக்கும் முறையையும் கற்றுக்கொள்வதுதான்.

கனோலா கொழும்புக்கு உகந்த பயிர் அல்ல. அது குளிர்ப் பிரதேசப் பயிர்; வெப்பம் 30 பாகையை அணுகும்போது அதன் பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடுகின்றன. அதே குடும்பத்தைச் சேர்ந்த நம் கடுகு வெப்பத்தை ஓரளவு தாங்கும் என்பதால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மொட்டை மாடியில் வெயில் படும் இடம் உள்ளவர்கள் அதையே வளர்க்கலாம்.

விதை வாங்கும்போது பொதியை வாசித்துப் பார்க்க வேண்டும். எஃப் 1 என்று அச்சிட்டிருந்தால் அது கலப்பின விதை. அதிலிருந்து எடுக்கும் விதை அடுத்த முறை ஒரே சீராக வராது. கலப்பினம் அல்லாத, திறந்த மகரந்தச் சேர்க்கையில் விளைந்த விதையைக் கேட்டு வாங்குங்கள். புறக்கோட்டையில் சமையலுக்கு விற்கும் கடுகும் பல வேளைகளில் நன்றாக முளைக்கும். இந்தியாவில் டி.எம்.எச். 11 என்ற மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2024 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். களைநாசினியைத் தாங்கும் மரபணு ஒன்று அந்தக் கடுகிலும் இருப்பதால், இறக்குமதிக் கடுகை விதைப்பவர்கள் அந்த வழக்கின் போக்கைக் கவனித்துவருவது நல்லது.

விதைக்கும் காலம் டிசெம்பர் முதல் வாரம். அப்போது பெய்யும் மிச்ச மழை நாற்றுக்கு உதவும். தைப்பொங்கலை ஒட்டிச் செடி மஞ்சளாகப் பூக்கும். கொழும்பில் மழை குறைந்த பெப்ரவரியில் காய் முற்றும். மார்ச் மாத இடிமழைக்குள் அகப்பட்டால் முற்றிய காய்கள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் இந்தக் கணக்கைத் தவறவிடக்கூடாது.

மீன் வியாபாரிகள் கழித்துவிடும் ரெஜிபோம் பெட்டிகள் போதும். உப்புப் போகும்வரை கழுவி, அடியில் துளையிட்டு, செம்மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். விதைப்பதற்கு முன் பத்து நாட்கள் மண்ணுக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றி, முளைக்கும் களைகளை எல்லாம் பிடுங்கிவிட வேண்டும். களைநாசினி தாங்கும் விதைக்கு இவ்வளவு தேவை ஏற்பட்டதற்குக் காரணம், இளம் கனோலா நாற்று களையோடு போட்டியிட முடியாமல் பின்தங்குவதுதான். சாதாரண கனோலா பயிரிடுபவர்களும் விதைக்குமுன் நிலத்தைச் சுத்தம்செய்து, நெருக்கமாக விதைத்தே அதைச் சமாளிக்கிறார்கள். பெட்டியில் நமக்கு முதல் மூன்று வாரம் கைக்களை எடுத்தாலே போதும். அதன்பின் இலைகள் விரிந்து மண்ணை மூடிவிடும்.

ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையைத் தூவி மூடினால் சில நாட்களில் முளைக்கும். செடிக்குச் செடி 15 சென்ரிமீற்றர் இருக்குமாறு மற்றவற்றைப் பிடுங்கி, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யலாம். தளிர்களில் அழுக்கணவன் மொய்த்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகும் நின்றால் வேப்பெண்ணெயைச் சிறிது சவர்க்காரத்தோடு கரைத்து மாலையில் தெளிக்கலாம். பூக்கும் வேளையில் தெளிக்காதீர்கள், தேனீக்கள் வரும்.

விதைக்காக விடும் செடிகள் இருபதுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு செடியின் விதையை மட்டும் எடுத்து ஆண்டுதோறும் விதைத்தால் பயிரின் பன்முகத்தன்மை சுருங்கிவிடும். நோய்ப்பட்ட செடியையும், மற்றவற்றுக்கு மிக முன்னதாகவே பூத்துவிடும் செடியையும் பூக்குமுன் அல்லது பூத்தவுடன் பிடுங்கிவிட வேண்டும். கடுகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனாலும் தேனீக்களால் ஒரு பங்கு அயல் சேர்க்கை நடக்கும் என்பதால், ஒரே வேளையில் இரண்டு வகைக் கடுகைப் பூக்கவிடக்கூடாது.

அறுவடையில்தான் பலரும் விதையை இழக்கிறார்கள். எல்லாக் காய்களும் காயட்டும் என்று காத்திருந்தால் கீழ்க் காய்கள் வெடித்து விதை சிதறிவிடும். ஒரு காயைப் பிளந்து பாருங்கள்: ஓடு வைக்கோல் நிறமாகி, உள்ளே விதை பச்சை மாறிப் பழுப்பாகியிருக்க வேண்டும். கீழ்ப்பாதிக் காய்கள் இப்படி ஆனதும், பனி ஈரம் இருக்கும் அதிகாலையில் செடியை அடியோடு வெட்டித் தலைகீழாகத் தலையணை உறையில் இட்டு, காற்றோடும் நிழலில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒரு வாரம் கழித்து உறையை வெளியிலிருந்தே கசக்கினால் விதை அடியில் சேரும். சுளகில் புடைத்துச் சருகை நீக்குங்கள்.

கொழும்பின் ஈரக்காற்று வைத்திருக்கும் விதைக்குக் கேடு செய்யும். நகத்தால் அழுத்தும்போது நசுங்கும் விதை இன்னும் காயவில்லை, உடைய வேண்டும். இரண்டு மூன்று நாள் இளவெயிலில் உலர்த்தி ஆறவிட்டு, காகிதப் பையிலிட்டு, அடியில் வறுத்த அரிசி போட்ட கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, வகையின் பெயரையும் எடுத்த மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த நவம்பரில் இருபது விதையை ஈரக் கடதாசியில் சுற்றி வைத்து, ஐந்து நாளில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பதினாறுக்குக் குறைந்தால் நெருக்கமாக விதைக்க வேண்டும், பத்துக்கும் குறைந்தால் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த விதையைத் திருப்பிக் கேட்க வேண்டும். ஆகவே எடுத்த விதையில் ஒரு பங்கை அந்த ஆண்டே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.