கடை பில்லும் வங்கி ஸ்டேட்மென்ட்டும்: மாதம் ஒருமுறை ஒத்துப் பார்ப்பது எப்படி?

பணம் போனதற்குத்தான் ஜிபேயில் மெசேஜ் இருக்கிறதே, பில் எதற்கு என்று கேட்பவர்கள் நிறையப் பேர். யாருக்கு எவ்வளவு போனது என்பதோடு அந்த மெசேஜ் நின்றுவிடும். என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எவ்வளவு வரி என்பதெல்லாம் பில்லில்தான் இருக்கும். வாங்கிய மிக்ஸி மூன்றாம் மாதமே நின்றுபோனால் சர்வீஸ் சென்டரில் கேட்பதும் பில்லைத்தான். ஆனால் நம் கணக்கிலிருந்து பணம் ஒருமுறை கழிந்ததா, இருமுறை கழிந்ததா என்பது பில்லைப் பார்த்தால் தெரியாது. அதற்கு ஸ்டேட்மென்ட் வேண்டும். ஆக, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுக் கணக்கு.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்கள், நம் கணக்கையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப் பார்க்கும் 'வங்கிச் சரிக்கட்டும் பட்டியல்' போட்டிருப்பார்கள். வீட்டுக்கு அந்தக் கட்டம் எல்லாம் தேவையில்லை. ஒரு பேனா, ஒரு நோட்டு, அச்செடுத்த ஸ்டேட்மென்ட் இருந்தால் போதும்.

படி 1: ஒரு கணக்கு, ஒரு மாதம்

நீங்கள் அதிகம் செலவு செய்யும் ஒரே ஒரு வங்கிக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து தொடங்குங்கள். பழைய பில்களைப் பையிலிருந்தும் டிராயரிலிருந்தும் தேடி எடுத்து உட்கார்ந்தால் பாதியில் அலுத்துவிடும். செலவுக் கணக்கு ஆப் எதையும் இப்போதைக்கு நிறுவ வேண்டாம் என்றே சொல்வேன். பெரும்பாலான ஆப்கள் செலவை மளிகை, பயணம், மருத்துவம் என்று வகை பிரிப்பதிலேயே உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். வகை பிரிப்பது வேறு வேலை. போன பணமும் வாங்கிய பொருளும் பொருந்துகிறதா என்பது மட்டும்தான் இப்போது நம் கேள்வி.

படி 2: பில்லைக் கேட்டு வாங்குங்கள், அன்றே படம் எடுங்கள்

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையில், 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு வாங்குபவர் கேட்காவிட்டால் தனியாக பில் போட வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதனால் சின்னத் தொகையாக இருந்தாலும் "பில் குடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். காய்கறி வண்டி, டீக்கடை, பூக்காரம்மா போன்ற இடங்களில் பில் என்ற பேச்சே இருக்காது. அங்கெல்லாம் யுபிஐயில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் கட்டத்தில் 'காய்', 'பூ' என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் 60 ரூபாய் யாருக்குப் போனது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

பில் கைக்கு வந்ததும் இரண்டு வேலைகள். முதலாவது, எப்படிப் பணம் கொடுத்தீர்கள் என்பதை அதன் மூலையில் பேனாவால் குறிப்பது: யுபிஐ என்றால் 'யு', கார்டு என்றால் 'கா', ரொக்கம் என்றால் 'ரொ'. கார்டு தேய்த்திருந்தால் மெஷினிலிருந்து ஒரு சீட்டும் வரும். அதில் கார்டின் கடைசி நான்கு எண்களும் நேரமும் இருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் பில்லோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வையுங்கள்.

இரண்டாவது, போனில் படம் எடுப்பது. இதை நாளைக்கு என்று தள்ளக்கூடாது. சூப்பர் மார்க்கெட், பெட்ரோல் பங்க், மெடிக்கல் ஷாப் பில்களில் பெரும்பாலானவை தெர்மல் தாளில் அச்சாகின்றன. அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதுதான் எழுத்தாகத் தெரிகிறது. வெயிலும் எண்ணெய்க் கையும் பட்டால் அது வெளுத்துவிடும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும், எழுத்தின் மேல் செலோடேப் ஒட்டினாலும் மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்யப் போனால் அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். வண்டியின் டேங்க் கவரிலும் கார் டேஷ்போர்டிலும் கிடக்கும் பில் சித்திரை வெயிலைத் தாண்டாது. கடை பெயர், தேதி, பில் எண், மொத்தத் தொகை ஆகிய நான்கும் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

தாள்களை மாதத்துக்கு ஒரு காகித உறையில் போட்டால் போதும். நம் வீடுகளில் கம்பியில் குத்தி வைக்கும் வழக்கம் உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் கம்பி பில் எண்ணையோ தொகையையோ துளைத்துவிடாமல் ஓரமாகக் குத்துங்கள்.

படி 3: ஸ்டேட்மென்ட் எடுப்பது

வங்கியின் சொந்த ஆப்பிலோ இணையதளத்திலோ, 1ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை தேதி கொடுத்து பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கிளைக்குப் போய் பாஸ்புக் பதிந்துகொள்ளலாம். பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்ட் இருந்தால், அதை நீக்கித் தருகிறோம் என்று சொல்லும் முகம் தெரியாத தளங்களில் ஸ்டேட்மென்ட்டை ஏற்றவே கூடாது. உங்கள் மொத்தப் பணப் புழக்கமும் அதில் இருக்கிறது.

கிரெடிட் கார்டு என்றால் மாதம் 1ஆம் தேதி தொடங்காது. ஒவ்வொரு கார்டுக்கும் பில் போடும் தேதி ஒன்று உண்டு. அது 18 என்றால், 19ஆம் தேதி வாங்கிய புடவை அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். காணோமே என்று பதற வேண்டாம்.

படி 4: பில்லிலிருந்து ஸ்டேட்மென்ட்டுக்கு

பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். 'ரொ' போட்டவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அவை ஸ்டேட்மென்ட்டில் வராது. மீதியில் ஒவ்வொரு பில்லாக எடுத்து, அதே தொகை அதே தேதியில் கழிந்திருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் பில்லில் ஒரு டிக், ஸ்டேட்மென்ட் வரியில் ஒரு டிக். இரண்டிலும் அடிக்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்றில் மட்டும் அடித்தால் ஒரே வரியை இரண்டு பில்லுக்குக் கணக்கு வைத்துவிடுவோம்.

எப்போதும் தொகையை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயர்ப்பலகையில் ஸ்டோர்ஸ் என்று இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் கடைக்காரருடைய சொந்தப் பெயரோ அவர் வீட்டம்மா பெயரோ வரும். பெரிய கடைகளில் கடையை நடத்தும் கம்பெனியின் பெயர் வரும். ஒரே நாளில் ஒரே தொகை இரண்டு வந்து குழப்பினால், யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் இருக்கும் 12 இலக்க எண் கை கொடுக்கும். ஜிபே, போன்பே விவரப் பக்கத்தில் அது இருக்கும். ஸ்டேட்மென்ட் வரியிலும் பெரும்பாலும் அதே எண் அச்சாகியிருக்கும்.

தொகை ஒத்துப்போகாமல் வரும் இடங்கள் சில உண்டு. தவறு என்று முடிவு கட்டுமுன் இவற்றைப் பாருங்கள்.

1,000 ரூபாய்க்குத் துணி எடுத்து, 400 ரொக்கமாகவும் 600 ஜிபேயிலும் கொடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட பில்லில் அப்போதே '600 யு, 400 ரொ' என்று எழுதிவிடுங்கள். மாமா பிள்ளை கார்டு தேய்க்க, நீங்கள் அவருக்குப் பாதி அனுப்பியிருக்கலாம். பெட்ரோல் பங்கில் கிரெடிட் கார்டு தேய்த்தால் எரிபொருள் சர்சார்ஜ் என்று ஒரு சிறு தொகை சேர்ந்து வரும். பல கார்டுகளில் அது பிறகு திரும்ப வரவு வைக்கப்படும், அந்த வரவு வந்ததா என்று தேட வேண்டும். டாலரில் கட்டிய ஆன்லைன் சந்தா என்றால், டாலரின் மாற்று மதிப்பும் கார்டு நிறுவனத்தின் கட்டணமும் சேர்ந்து தொகை மாறும். திருப்பிக் கொடுத்த பொருளுக்கான பணம் அன்றே வராது. அந்த பில்லில் 'ரிட்டர்ன்' என்று பெரிதாக எழுதி, பணம் வரவில் ஏறும் வரை டிக் அடிக்காமல் வைத்திருங்கள்.

நகைக்கடையில் மாதச் சீட்டு கட்டுபவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி, வங்கியில் கழிந்த வரியோடு மாதாமாதம் ஒத்துப் பாருங்கள். பதினோரு மாதம் கழித்து, ஒரு தவணை ஏறவில்லை என்று கவுன்டரில் சொன்னால், அந்த வரியும் 12 இலக்க எண்ணும்தான் உங்கள் பக்கம் பேசும்.

படி 5: ஸ்டேட்மென்ட்டிலிருந்து பில்லுக்கு

பலரும் நான்காவது படியோடு எழுந்துவிடுகிறார்கள். உண்மையான பலன் இதில்தான் இருக்கிறது. இப்போது ஸ்டேட்மென்ட்டை மேலிருந்து கீழாகப் படித்து, டிக் விழாத வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் போன பணம் எதுவாக இருந்தாலும் அது இந்த வட்டங்களுக்குள்தான் இருக்கும்.

முதலில் தெரிந்தவற்றைக் கழியுங்கள்: வீட்டுக் கடன் தவணை, ஏடிஎம்மில் எடுத்தது, வாடகை, சீட்டுப் பணம். அடுத்து வங்கிக் கட்டணங்கள்: டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், மினிமம் பேலன்ஸ் குறைந்ததற்கான கட்டணம். இவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை 436 ரூபாயோ 20 ரூபாயோ கழிந்திருந்தால் அது பெரும்பாலும் பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீட்டு பிரீமியம். எப்போதோ கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதை நிறுத்திவிடாமல் வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள், தேவைப்படும் நாளில் அப்படி ஒரு பாலிசி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

மிச்சத்தில், மாதாமாதம் தானாகக் கழியும் ஆட்டோபே சந்தாக்கள் வரும். ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்து மறந்துபோன ஓடிடி, பாட்டு ஆப் இங்கே தலை காட்டும். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் வேண்டாததை ரத்து செய்துவிடுங்கள்.

இதெல்லாம் போக நிற்கும் வட்டங்கள்தான் கவனிக்க வேண்டியவை.

படி 6: பொருந்தாத வரியை என்ன செய்வது?

அடிக்கடி நடப்பது இது: கடையில் ஸ்கேன் செய்கிறோம், நம் கணக்கில் பணம் கழிகிறது, கடைக்காரர் "எனக்கு வரலையே" என்கிறார், வேறு வழியில்லாமல் மறுபடி கட்டுகிறோம். ஒரு பில், இரண்டு வரிகள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபர் கணக்குக்கு அனுப்பியது என்றால் மறுநாளுக்குள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். கார்டு தேய்த்து சீட்டு வராமல் பணம் மட்டும் போயிருந்தாலும் இதே 5 நாள் கெடுதான். வரவில் அந்தத் தொகை இல்லையென்றால், யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், வங்கியிலும் பதியுங்கள். இரண்டு முறையும் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் கதை வேறு. பில்லையும் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அவர்கள் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனை என்றால் மாதக் கடைசி வரை காத்திருக்கவே கூடாது. 2017 ஜூலை சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொன்னது இது: தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் வந்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாளுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்கள் தலையில் விழலாம். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் பொறுப்பு. அதனால்தான் எஸ்எம்எஸ் அறிவிப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள் என்கிறேன். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலையில் பத்து நிமிடம், வட்டமிடும் வேலையை மட்டும் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

வங்கியின் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், போலி எண்கள் நிறைய உலவுகின்றன. கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே கூப்பிடுங்கள். மோசடி என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் கூப்பிடுங்கள். வங்கியில் கொடுத்த புகாரின் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே முதலில் கேட்பது அந்தப் புகார் எண்ணைத்தான்.

படி 7: எதை எவ்வளவு காலம் வைப்பது?

மளிகை, ஹோட்டல், பெட்ரோல் பில்களுக்கு இரண்டு பக்கமும் டிக் விழுந்து, அடுத்த மாதக் கணக்கும் முடிந்துவிட்டால் வேலை தீர்ந்தது. வாரன்டி உள்ள பொருளின் பில்லை வாரன்டி முடியும் வரை வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மருத்துவச் செலவு, காப்பீட்டு பிரீமியம், நன்கொடை ரசீதுகளை வருமான வரிக்காகத் தனி உறையில் போடுங்கள். நகை பில்லை எப்போதும் எறியாதீர்கள். எடை, தூய்மை, செய்கூலி, வாங்கிய விலை எல்லாம் அதில்தான் இருக்கிறது, விற்கும் நாளில் வரி கணக்கிடவும் அதுதான் ஆதாரம்.

எறியும் பில்களில் உங்கள் போன் நம்பரும் கார்டின் கடைசி எண்களும் இருக்கும். கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள்.