மழைக்கு முன்னாடி கல்வெர்ட் செக் பண்றப்ப செய்யக்கூடாத தப்புகள்

ஐப்பசி மழைக்கு முன்னாடி எல்லா ஊர்லயும் கல்வெர்ட், அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி கடந்து போற சின்னப் பாலம், அதைப் பாக்குற வேலை நடக்கும். கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடிச்சு நம்பர் எழுதி, கருவேல முள்ளை வெட்டி ஒரு போட்டோ எடுத்துட்டா பாத்தாச்சுன்னு கணக்கு. வண்டியை நிறுத்தி மேலேர்ந்து எட்டிப் பாக்குறது செக் பண்றதே இல்லைங்க, கீழ இறங்கணும், அதுவும் ரெண்டு பக்கமும் இறங்கணும். தண்ணி வர்ற பக்கம் குப்பை அடைச்சிருக்கிறது உடனே தெரியும், அதை மட்டும் பாத்துட்டு திரும்பிடுறோம், ஆனா அடி வாங்குறது தண்ணி வெளிய விழுற பக்கம். மேல காங்கிரீட் முழுசா இருக்கும், அடியில ஒரு கம்பை விட்டுப் பாருங்க, மண்ணே இல்லாம முழங்கை நீளத்துக்கு உள்ள போகும்.

அடுத்தது ஜாயிண்ட், அதாவது ரெண்டு பைப் சேர்ற இடம். ஹியூம் பைப்புங்கிற காங்கிரீட் குழாய் உடைஞ்சு ரோடு உள்வாங்கினதை விட, ஜாயிண்ட் வழியா மண் கசிஞ்சு உள்வாங்கினதைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன். ஒரு தடவை 900 மி.மீ. பைப்பு, டார்ச் அடிச்சா ஒரு கீறல் இல்லை, நல்லாருக்குன்னு எழுதப் போனோம். மூணாவது ஜாயிண்ட்டுக்குக் கீழ மட்டும் ஒரு படி அளவுக்கு செம்மண் குவிஞ்சு கிடந்துச்சு, சுத்தி எல்லாம் கறுப்பு வண்டல். அந்தச் செம்மண் ரோட்டுக் கரை மண்ணு. மேல ஏறி அதே இடத்துக்கு நேரா பாத்தா தார் லேசா அமுங்கியிருக்கு, ஏற்கனவே ரெண்டு தடவை பேட்ச் வேற போட்டிருக்காங்க. ஒரே இடத்துல திரும்பத் திரும்பப் பள்ளம் விழுந்தா தயவுசெஞ்சு தாரை ஊத்தறதுக்கு முன்னாடி கீழ இறங்கிப் பாருங்க. தூர்வாருறதுக்கு முன்னாடி ஒரு தடவை, வாரினப்புறம் ஒரு தடவை பாக்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான், மண்ணை அள்ளிப் போட்டுட்டா அந்தத் தடயம் போயிடும், அள்ளாம விட்டா பைப்போட அடிப்பாகம் தேஞ்சிருக்கிறது தெரியாது.

சாக்கடை கலக்குற பைப்னா மேல் வளைவையும் பாக்கணும், சாக்கடை வாயு ஈரத்தோட சேந்து ஆசிடாகி காங்கிரீட்டை அரிக்கிறது அங்கதான். அதுக்காக ஆள் உள்ள நுழையவே கூடாது, மூச்சு முட்டி உயிரே போயிடும், நீளக் கம்புல போனைக் கட்டி வீடியோ எடுத்தாலே போதும்.

பைப்புக்குப் பதிலா மேல காங்கிரீட் பலகை போட்ட சிலாப் கல்வெர்ட்ல துருக்கறை தெரிஞ்சா மேல சிமெண்ட் பூசி மறைக்காதீங்க. கம்பி துருப்பிடிச்சா உப்பும், பூச்சை மறுபடி தள்ளிரும். சுத்தியல்ல தட்டிக்கிட்டே வாங்க, நல்ல காங்கிரீட் கணீர்னு கேக்கும், உள்ள பிரிஞ்சது பொத்துப் பொத்துன்னு கேக்கும்.

போட்டோல கிலோமீட்டர் கல் கணக்கும் எந்தப் பக்கம்னும் இல்லேன்னா அடுத்த வருஷம் வர்றவருக்கு அது உதவாது. கீறல் முடியுற இடத்துல பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு தேதி எழுதுங்க, தை மாசம் தண்ணி வத்தினதும் போய்ப் பாருங்க, கீறல் கோட்டைத் தாண்டியிருந்தா அன்னைக்கே மேலதிகாரிக்கு எழுதிடுங்க.