அப்பா-மகன் சட்டை செட்: ஆன்லைன் கடையில் காம்போ அமைப்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்குள் போய், "அப்பாவுக்கும் பையனுக்கும் ஒரே கலர்ல சட்டை வேணும்" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு ரேக்கிலிருந்து 42 சைஸ் மரூனையும், இன்னொன்றிலிருந்து ஆறு வயது மரூனையும் எடுத்து ஒரே கவரில் போட்டுத் தருவார். 'செட்' என்று அவர் தனியாக ஸ்டாக் வைத்திருக்க மாட்டார். ஆன்லைன் கடையிலும் காம்போ இப்படித்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இது பட்ட பிறகுதான் புரிந்தது. ஒரு தீபாவளிக்குக் காம்போவைத் தனிப் பொருளாகச் சேர்த்து, ஸ்டாக் 25 என்று கையால் போட்டுவிட்டேன். அதே சட்டைகள் தனித்தனியாகவும் விற்றுக்கொண்டிருந்தன. பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு பேக்கிங்குக்கு உட்கார்ந்தால், ஐந்து ஆர்டருக்குப் பையன் சட்டை இருக்கிறது, அப்பா சட்டை இல்லை. ஐந்து பேருக்கும் போன் செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு குழந்தையின் தீபாவளிச் சட்டை விஷயம், மனசு கேட்கவில்லை.

1. முதலில் தாளில் கணக்கு

அப்பா சட்டை 4 சைஸ், 3 கலர்: 12 வேரியன்ட் (ஒரு சைஸும் ஒரு கலரும் சேர்ந்தது ஒரு வேரியன்ட்). பையன் சட்டை 5 சைஸ், 3 கலர்: 15. அப்படியே சேர்த்தால் 12 × 15 = 180. அதில் அப்பாவுக்கு மரூன், பையனுக்குப் பச்சை என்று யாருக்கும் வேண்டாத ஜோடிகளே அதிகம். கலரை ஒரே தடவை கேட்டால் 4 × 5 × 3 = 60 தான்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆன்லைன் கடை அமைக்க உதவும் தளமான ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு மூன்று ஆப்ஷன் (வாங்குகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியவை) வரைதான் வைக்கலாம். அப்பா சைஸ், பையன் சைஸ், கலர், அவ்வளவுதான். கலரை இரண்டு முறை கேட்டால் நான்காகிவிடும்.

2. தனிப் பொருள்களைச் சரிசெய்யுங்கள்

ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் தனி எஸ்.கே.யூ. (ஸ்டாக்கை அடையாளம் காணும் குறியீடு) கொடுத்து, ரேக்கில் கையால் எண்ணி ஸ்டாக்கைப் போடுங்கள். கலர் பெயர் இரண்டு சட்டையிலும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'மரூன்', இன்னொன்றில் 'அரக்கு' என்று இருந்தால் அடுத்த படியில் சேராது.

3. காம்போவை உருவாக்குங்கள்

காம்போவை ஷாப்பிஃபை 'பண்டில்' என்கிறது. அதன் சொந்த பண்டில்ஸ் ஆப் இலவசம். அந்த ஆப்பை நிறுவி, புது பண்டில் தொடங்கி, இரண்டு சட்டைகளையும் தேர்ந்தெடுங்கள். கலர் ஆப்ஷன்கள் இரண்டையும் ஒன்றாக இணையுங்கள். சைஸ் ஆப்ஷன்களின் பெயரை 'அப்பா சைஸ்', 'மகன் வயது' என்று மாற்றுங்கள். வெறும் 'சைஸ்' என்று இரண்டு இருந்தால் வாங்குகிறவர் நிச்சயம் குழம்புவார். அப்புறம் விலையைப் போட்டு வெளியிடுங்கள்.

செட்டின் ஸ்டாக்கை ஆப்பே கணக்கிடும். 42 மரூன் 7, ஆறு வயது மரூன் 3 என்றால் அந்த செட் 3 தான். தனியாக ஒன்று விற்றாலும் செட்டில் குறையும்.

4. ஜி.எஸ்.டி.யைப் பாருங்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு வரி 5%. இரண்டும் அப்படிப்பட்ட சட்டை என்றால் சிக்கலில்லை. அதோடு ஒரு சென்ட் பாட்டிலைச் சேர்த்து ஒரே விலை வைத்தால் கதை மாறும். சம்பந்தமில்லாத பொருள்களை ஒரே விலைக்கு விற்பதைச் சட்டம் கலப்பு வழங்கல் என்கிறது. உள்ளே இருப்பதில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும் வரும். சென்ட்டுக்கு 18% என்பதால் சட்டைக்கும் 18% கட்ட வேண்டிவரும். இப்படிக் கலந்து விற்பதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

5. நீங்களே ஒரு ஆர்டர் போடுங்கள்

போனில் கடையைத் திறந்து, ஸ்டாக் மிகக் குறைவாக உள்ள ஜோடியை வாங்குங்கள். ஆர்டர் பக்கத்தில் இரண்டு சட்டையும் அவற்றின் எஸ்.கே.யூ.வோடு தனித்தனி வரியாக வருகிறதா பாருங்கள், பேக் செய்பவர் அதைப் பார்த்துத்தான் எடுப்பார். இரண்டிலும் ஸ்டாக் ஒன்று குறைந்திருக்க வேண்டும். பிறகு ஆர்டரை ரத்து செய்து, ஸ்டாக் திரும்ப ஏறியதா என்றும் பாருங்கள்.

அப்பா சட்டை மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்று கேட்டு வருபவர்கள் கட்டாயம் இருப்பார்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தருவீர்களா என்பதைக் காம்போ பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நான் மாற்றித் தருகிறேன்.