காலப்பெயரை நம்பி எழுதும் தவறுகள்

அண்மையில் ஓர் இளம் ஆய்வாளரின் கட்டுரையைத் திருத்தித் தரும்படி கேட்டார்கள். மூன்றாம் பக்கத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழை இருந்தது: 'சங்ககாலம்' போன்ற ஒரு காலப்பெயரை அப்படியே நம்பி எழுதுவது. ஆண்டை மாற்றி எழுதுவது, புலவர் பெயரில் குழம்புவது போன்றவற்றை மெய்ப்புத் திருத்துவோரே பிடித்துவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கும் தப்புகிறவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

தொகுப்பின் முதல் பாட்டைச் சங்ககாலப் பாட்டாகக் கொள்வது

சங்ககாலத்தில் முருகன் உலகைக் காக்கும் கடவுளாகப் போற்றப்பட்டான் என்று என் முதல் கட்டுரையில் எழுதி, 'தாமரை புரையும் காமர் சேவடி' என்று தொடங்கும் குறுந்தொகைப் பாட்டைச் சான்றாகக் காட்டினேன். நூலைத் திறந்ததும் அதுதான் இருக்கிறது, சேவற்கொடியும் நெடுவேலும் அதில் இருக்கின்றன, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கட்டுரை அச்சேறிய பிறகே, அது பாரதம் பாடிய பெருந்தேவனார் இயற்றிய கடவுள் வாழ்த்து என்பதை ஒரு மூத்த ஆசிரியர் சுட்டிக்காட்டினார். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஆகிய ஐந்துக்கும் வாழ்த்துப் பாடிய அவர், உள்ளே இருக்கும் பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவர் என்பதே ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. கட்டுரையின் பாதியை நான் கைவிட வேண்டியதாயிற்று.

எனக்குத் தேவையான சான்று அடுத்த பாட்டிலேயே இருந்தது என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. தலைவன் கையுறையாக, அதாவது காதல் பரிசாக, கொண்டுவந்த காந்தளை ஏற்க மறுக்கும் தோழி, அவுணரை (அசுரரை) அழித்த சேஎயின், அதாவது முருகனின், குன்றமே எங்களுடையது, அங்கே குருதிநிறக் காந்தள் குலைகுலையாய்ப் பூத்திருக்கிறது என்கிறாள். அங்கே முருகன் ஒரு மலையின் தலைவனாக, காதல் பேச்சின் நடுவே வந்துபோகிறான். உலகைக் காக்கும்படி அவனை யாரும் வேண்டவில்லை. இந்த இரு பாடல்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே என் கட்டுரையின் பொருளாக இருந்திருக்க வேண்டும்.

பாடல் பிறந்த காலம், அது தொகுக்கப்பட்ட காலம், அந்தக் காலத்துக்குப் பெயர் வந்த காலம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. முச்சங்க வரலாற்றை விரித்துச் சொல்லும், இறையனார் களவியல் என்ற அகப்பொருள் இலக்கண நூலின் உரையும் அந்தப் பாடல்களுக்குப் பிந்தியதே. எட்டுத்தொகைக்குள்ளும் கலித்தொகையையும் பரிபாடலையும் பிந்தியவையாகப் பலரும் கருதுகிறார்கள். ஆகவே 'சங்ககாலத்தில்' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும், எந்தப் பாட்டு, யார் பாடியது, எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'இருண்ட காலம்' என்று எழுதுவது

சங்ககாலத்துக்குப் பிந்திய களப்பிரர் காலத்தை இப்படி அழைப்பது வழக்கம். ஆனால் பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் பலவற்றை அந்தக் காலத்தில்தான் வைக்கிறார்கள்.

பல்லவர் காலம் முழுவதும் பக்தி என்பது

நந்திக்கலம்பகத்தைப் படியுங்கள். அதன் பாட்டுடைத் தலைவன் கடவுள் அல்ல, பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன்.

காலத்தையும் இயக்கத்தையும் ஒன்றாக்குவது

1930களில் எழுதியவர்களையெல்லாம், மணிக்கொடி என்ற இதழைச் சுற்றி உருவான 'மணிக்கொடி எழுத்தாளர்கள்' ஆக்கிவிடும் கட்டுரைகள் குறையவே இல்லை. அதே ஆண்டுகளில் ஆனந்த விகடனில் எழுதிக்கொண்டிருந்த கல்கி அந்தப் பட்டியலில் எப்படிச் சேர்வார்? காலம் பொதுவாக இருக்கலாம். இயக்கத்துக்குப் பொதுவான இலக்கிய நோக்கும் கூட்டுறவும் வேண்டும். இதழும் ஒரே முகத்தோடு இருக்கவில்லை. 1933இல் அரசியல் சார்ந்த வார இதழாகத் தொடங்கிய மணிக்கொடி, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில்தான் சிறுகதை இதழாயிற்று. சிறுகதை எழுத்தாளர் மௌனியின் கதைகள் அதில் வந்தது அதற்குப் பிறகுதான். எந்த மணிக்கொடியைச் சொல்கிறோம் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட வேண்டும்.