கணினிக்கு ராம் வாங்கும் முன் பழையதைப் படம் எடுங்கள்

வீட்டுக் கணினி திணறத் தொடங்கியதும் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ பேருந்து ஏறுவதற்கு முன், பழைய ராமைக் (கணினி இயங்கும்போது தகவல்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவக அட்டை) கழற்றி, அதன் வகை எழுதியிருக்கும் லேபிளை அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராமின் வெவ்வேறு தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும், அடிவிளிம்பின் வெட்டு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றன் ஸ்லாட்டில் (ராமைச் செருகும் இடம்) மற்றொன்று பொருந்தாது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்கள்தான் (விளிம்பிலுள்ள உலோகத் தொடுமுனைகள்) என்பதை நம்பி வாங்கிவிட வேண்டாம்.

16 ஜிபி தேவையெனில், இரண்டு ஸ்லாட்டுகள் இருக்கும் கணினிக்கு ஒரே வகையான 8 ஜிபி ராம்கள் இரண்டையே நான் பரிந்துரைப்பேன்; இரண்டும் ஒரே நேரத்தில் தகவலைக் கடத்தும் இரட்டைச் சேனலில் இயங்குவதால் வேகம் கூடும். விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் சேர்த்துப் பயனில்லை.

நம் பக்கத்தில் அறுவடை நாள்களில் களத்துத் தூசி வீட்டுக்குள்ளும் வந்து படியும். ஆகவே மின்இணைப்பைப் பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கியபின், ஸ்லாட்டின் இடுக்கை மெல்லிய பிரஷால் துடைத்து, இருபுறக் கிளிப்பும் ‘டக்’கென்று பூட்டும்வரை ராமை நேராக அழுத்துங்கள்.